கிளைச் செயலாளரின் நோட்டு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சேரன்மகாதேவியிலிருந்து ஆற்றையொட்டிக் கொஞ்ச தூரம் போனால் எங்கள் ஊர். வெள்ளையடிப்பதற்காகச் சித்தப்பா வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு தகரப்பெட்டி இறங்கியது. உள்ளே ஐந்து நீள நோட்டுகள். சித்தப்பா இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கட்சியின் கிளைச் செயலாளராக இருந்தவர். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப்பேர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவீர்கள்.

நான் பி.இ. படித்த ஐ.டி.காரன். வரலாறு எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. பழைய கட்சி நோட்டு என்றதும் கொள்கை விளக்கம், போராட்டம், கைது என்று ஏதாவது கிடைக்கும் என நினைத்துத்தான் திறந்தேன். கிடைத்தது மைக் செட் வாடகை, சுவரொட்டி ஒட்ட மைதா மாவு, டீ, வடை. நடுநடுவே 'கூட்டத்திற்கு அவைத்தலைவர் தலைமை வகித்தார்' என்று தொடங்கும் தீர்மானங்கள், கீழே கையெழுத்துகள், இரண்டு மூன்று கைநாட்டுகள். இரண்டு நாள் அதையே வாசித்துக்கொண்டிருந்தேன். கட்சி என்பதை மேலிருந்து பார்த்தே பழகிவிட்ட எனக்கு, கீழே அது எப்படி நடக்கிறது என்று ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அமைப்பு ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். திராவிடக் கட்சிகளில் கிராமத்தில் கிளை, அதற்கு மேல் ஒன்றியம், பிறகு மாவட்டம். பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் தனித்தனி அமைப்பு. திருநெல்வேலி மாதிரி மாநகராட்சியில் ஒவ்வொரு வார்டும் ஒரு வட்டம், பல வட்டங்கள் சேர்ந்தால் ஒரு பகுதி. நெல்லை மாநகராட்சியில் 55 வார்டுகள் என்றால் ஏறக்குறைய அத்தனை வட்டச் செயலாளர்கள், அதுவும் ஒவ்வொரு பெரிய கட்சிக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கட்சி மாவட்டமும் அரசு மாவட்டமும் ஒன்றல்ல. கலெக்டருக்கு ஒரே திருநெல்வேலிதான். கட்சிக்கு நெல்லை கிழக்கு, நெல்லை மத்திய என்று பிரிவுகள் இருக்கும். காங்கிரஸில் கிராமம், வட்டாரம், மாவட்டம். கம்யூனிஸ்ட் கட்சிகளில் கிளை, இடைக்கமிட்டி, மாவட்டக்குழு.

பதவிகளில்தான் விஷயம் இருக்கிறது. அவைத்தலைவர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார். பெரும்பாலும் ஊரில் மூத்தவர். கூட்டம் கூட்டுவது, நிகழ்ச்சி நடத்துவது, மேலிடத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் செயலாளர். ரசீதுப் புத்தகமும் பணமும் பொருளாளரிடம். அப்புறம் பிரதிநிதிகள். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இவர்களைக் கவனிப்பதே இல்லை. ஆனால் உட்கட்சித் தேர்தலில் கிளையின் சார்பாக மேலே போய் ஓட்டுப் போடுகிறவர்கள் இவர்கள்தான். அதனால் யார் ஒன்றியச் செயலாளர் ஆக வேண்டும் என்று நினைக்கிறாரோ, அவர் முதலில் தேடி வருவது பிரதிநிதி வீட்டுக்குத்தான்.

சித்தப்பாவின் நோட்டில் மூன்று உட்கட்சித் தேர்தல்கள் பதிவாகியிருக்கின்றன. மூன்றுமே 'ஏகமனதாக'. கொஞ்சம் நக்கலாகவே கேட்டேன். "ஏகமனதான்னு ஒரு வார்த்தை எழுதுததுக்கு மூணு ராத்திரி பேசணும்லே. ஓட்டெடுப்பு வச்சா அன்னைக்கு ஜெயிச்சிரலாம். மறுநாள் தோத்தவன் போஸ்டர் ஒட்ட வருவானா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. அந்த மூன்று ராத்திரிப் பேச்சில் கைநாட்டு வைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஒரு சின்ன விலகல். காங்கிரஸில் மாவட்டத்துக்குத் தலைவர்தான் பெரிய ஆள், திராவிடக் கட்சியில் செயலாளர்தான் பெரிய ஆள். ஏன்? 1949இல் தி.மு.க. தொடங்கியபோது தலைவர் நாற்காலி பெரியாருக்கு என்று சொல்லி அண்ணா அதைக் காலியாக விட்டார்; அவர் பொதுச்செயலாளர் மட்டுமே. 1969இல் கருணாநிதி தலைவராகும் வரை அந்த நாற்காலி அப்படியே இருந்தது. இருபது வருஷம் செயலாளரே உச்சியில் இருந்த கட்சியில், கீழேயும் அந்தச் சொல்லுக்குக் கனம் கூடியதில் ஆச்சரியமில்லை என்பது என் ஊகம்.

இந்தக் கிளை, வட்டாரம் என்ற ஏற்பாடெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் 1920 டிசம்பரில் நிற்கும். நாக்பூர் காங்கிரஸ். அதுவரை வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் கலைகிற வக்கீல்கள் சபையாக இருந்ததைக் காந்தி எழுதிய புதிய அமைப்புவிதி மாற்றியது. மொழிவாரி மாகாணக் கமிட்டிகள், அவற்றுக்குக் கீழே மாவட்டம், தாலுகா, கிராமம். மேலே 350 பேர் கொண்ட அகில இந்திய கமிட்டி, 15 பேர் கொண்ட காரியக் கமிட்டி. உறுப்பினர் சந்தா வருஷத்துக்கு நாலணா. மறுவருஷமே ஒரு கோடி உறுப்பினர், திலகர் நிதிக்கு ஒரு கோடி ரூபாய் என்று இலக்கு வைத்தார்கள். நாலணா சின்னத் தொகைதான். ஆனால் அதை வீடு வீடாகப் போய் வாங்கி, ரசீது கிழித்து, பேர் எழுதி, மேலே கட்ட ஒருவர் வேண்டும். கிராமக் கமிட்டிச் செயலாளர் என்ற ஆள் பிறந்தது அந்த ரசீதுப் புத்தகத்தோடுதான்.

1924 பெல்காம் காங்கிரஸில் சந்தாவையே மாற்றினார்கள். காசுக்குப் பதில் மாதம் 2,000 கெஜம் நூல். நூலை வாங்கி அளந்து கணக்கு வைக்க வேண்டிய செயலாளரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மறுவருஷம் பாட்னாவில் நாலணா அல்லது நூல் என்று தளர்த்தினார்கள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை வருகிறது. வ.வே.சு. ஐயர் முதலில் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பிறகு சேரன்மகாதேவிக்குக் கொண்டுவந்த குருகுலம். தேசியக் கல்வி கொடுக்கும் பள்ளி என்று சொல்லி மலேயாத் தமிழர்களிடமும் நகரத்தார்களிடமும் நிதி திரட்டப்பட்டது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாகத் தீர்மானித்து 5,000 கொடுத்தது. அங்கே இரண்டு பிராமண மாணவர்களுக்கு, அவர்கள் பெற்றோர் கேட்டுக்கொண்டபடி, தனியாகச் சாப்பாடு போட்ட செய்தி வெளியே வந்தது. சாதிச் சண்டையாக இந்தக் கதை நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அது சாதிச் சண்டைதான், சந்தேகமில்லை. ஆனால் நோட்டுகளை வாசித்த கண்ணோடு பார்த்தபோது அதற்குள் ஒரு கமிட்டிச் சண்டையும் தெரிந்தது.

பாக்கி 5,000 ரூபாயை ஐயர் தரப்பு கேட்டது. கமிட்டிச் செயலாளராக இருந்த பெரியார் தரவில்லை. ஆனால் தனக்குத் தெரியாமல் இணைச் செயலாளர் செக் கொடுத்துவிட்டார் என்று பெரியார் பின்னாளில் சொன்னார். இதில் யார் செய்தது விதிப்படி சரி? கமிட்டி 10,000 என்று தீர்மானித்துவிட்டது. தீர்மானத்தை நிறைவேற்றுவதுதான் செயலாளர் வேலை, நிறுத்துவதல்ல என்று ஒரு பக்கம் வாதிடலாம். எந்த நோக்கத்துக்காகப் பணம் ஒதுக்கப்பட்டதோ அது கெட்டுப்போனது தெரிந்த பிறகும் கொடுப்பது கமிட்டிக்குச் செய்யும் துரோகம் என்று மறுபக்கம். இரண்டு பேரும் கமிட்டியின் பெயரைத்தான் சொல்ல முடியும். எங்கள் தொழிலில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தராமல் உள்ளே விட மாட்டோம். எரிச்சலான ஏற்பாடு, ஆனால் ஏன் வைத்திருக்கிறோம் என்பதை அந்த செக் எனக்கு நன்றாகவே விளக்கியது. விஷயத்தைத் திரும்பக் கமிட்டிமுன் வைப்பதுதான் இருவருக்கும் இருந்த ஒரே நேர்வழி.

கடைசியில் அங்கேதான் வந்தது. 1925 மார்ச்சில் தமிழ்நாடு வந்த காந்தி, இருக்கிற இரண்டு பேரை விட்டுவிட்டு இனிமேல் தனிப்பந்திக்கு யாரையும் சேர்க்க வேண்டாம் என்கிற மாதிரி ஒரு சமரசம் சொன்னார். அது எடுபடவில்லை. ஏப்ரலில் திருச்சியில் கமிட்டி கூடியது. தேசிய இயக்கத்தில் பங்குபெறும் எந்த அமைப்பிலும் பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்கக்கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஜூனில் பாபநாசம் அருவியில், தவறி விழுந்த மகள் சுபத்ராவைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்தார். அந்த வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். குருகுலத்தில் எந்தப் பையன் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று கேட்கும் உரிமை கமிட்டிக்கு எப்படி வந்தது? பணம் கொடுத்ததால். அந்தப் பணம் கமிட்டிக்கு எப்படி வந்தது? கீழே இருந்து, பொதுமக்கள் கொடுத்து. துட்டு கீழே இருந்து மேலே போகும் வரைக்கும் கேள்வியும் அதோடு சேர்ந்து மேலே போனது.

இப்போதைய சட்டம் கிளைகளைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடினேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இல் 29ஏ என்ற பிரிவு 1989இல் சேர்க்கப்பட்டது. கட்சியைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கும்போது தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களோடு, உள்ளூர் அமைப்புகள் இருக்கின்றனவா, இருந்தால் எந்தெந்த மட்டத்தில் என்றும் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கிளை மாதம் ஒருமுறை கூட வேண்டும், உறுப்பினருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றெல்லாம் சட்டத்தில் இல்லை. அது கட்சியின் சொந்த விதி. அந்த விதியைக் கட்சியே மீறினால்? பதிவை ரத்து செய்யும் அதிகாரம், மோசடி செய்து பதிவு பெற்றது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதிலும் கிளைக்குப் பெரிய வேலையில்லை. பிரிட்டனில் தொகுதிக் கட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டு, கட்சித் தலைமை குறுக்கிடும் சண்டைகள் அங்கேயும் உண்டு என்றாலும். இங்கே விருப்ப மனு நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. சின்னம் யாருக்கு என்பதை முடிவு செய்வது 'ஏ' படிவம், 'பி' படிவம் என்ற இரண்டு தாள்கள். முதலாவது கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று சொல்லும். இரண்டாவது வேட்பாளர் யார் என்று சொல்லும். இரண்டும் மேலிருந்து வருபவை.

அப்படியானால் கிளைக்கு மிச்சம் என்ன? நிறைய. முதியோர் பென்ஷன், பட்டா, ரேஷன் கார்டு என்று சித்தப்பா அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடைகளுக்கே ஒரு நோட்டு இருக்கிறது. மனு எண், தேதி, 'நாளை வரச் சொன்னார்கள்'. எழுதாதது கல்யாண வீடும் துஷ்டி வீடும். எந்தக் கட்சிக்காரன் வீட்டில் துஷ்டி என்றாலும் செயலாளர் போய் நிற்க வேண்டும். விதிப்புத்தகத்தில் இது இருக்காது, ஆனால் போகாதவர் அடுத்த முறை செயலாளராக இருக்க மாட்டார்.

அதைவிட நுணுக்கமானது வாக்காளர் பட்டியல். பட்டியல் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 1,500 வரை இருந்த ஒரு சாவடியின் வாக்காளர் உச்சவரம்பு 2025இல் 1,200 ஆகக் குறைக்கப்பட்டது. ஒவ்வொரு பாகத்துக்கும் அரசு தரப்பில் ஒரு நிலை அலுவலர், கட்சி தரப்பில் ஒரு பாக முகவர். செத்தவர், ஊர் மாறியவர், கட்டிக்கொடுத்துப் போன பெண், புதிதாகப் பதினெட்டு ஆனவர் எல்லோரையும் தெரிந்து வைத்திருப்பது அவர் வேலை. வாக்குப்பதிவு நாளில் சாவடி முகவர் விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். குறைந்தது 50 ஓட்டுப் போட்டு இயந்திரத்தைச் சோதித்துக் காட்டி, அந்தச் சோதனை ஓட்டுகளை அழிப்பதைப் பார்க்க வேண்டும். மாலையில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதிய 17சி படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். ஓட்டு எண்ணும் நாளில் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்க்க வேட்பாளர் கையில் இருக்கும் தாள் அது. டெல்லியில் பேசும் ஜனநாயகம் கடைசியில் ஒரு பள்ளிக்கூட பெஞ்சில், பசியோடு உட்கார்ந்திருக்கும் இந்த ஆளிடம்தான் வந்து நிற்கிறது.

நோட்டுகளுக்குத் திரும்புகிறேன். முதல் மூன்றிலும் இடதுபக்கம் வரவு, வலதுபக்கம் செலவு. கொடுத்தவர் பேர், தொகை, ஒரு ரூபாயானாலும். நான்காவது நோட்டில் ஒரு மாநாட்டுக்குப் போன வண்டி வாடகைக்கு எதிரே 'மேலிருந்து வந்தது' என்று மட்டும் இருந்தது, தொகை இல்லை. அதற்குப் பிறகு கணக்குப் பக்கங்கள் வெள்ளையாகவே இருந்தன. தீர்மானங்கள் மட்டும் தொடர்ந்தன, அவையும் வரவர இரண்டு மூன்று வரியாக.

"ஏன் சித்தப்பா, கணக்கு எழுததையே விட்டுட்டீங்க?"

"நம்ம துட்டுன்னா எழுதலாம். அவங்க குடுத்து அவங்களே செலவு பண்ணுதாங்க. மேலேர்ந்து வார துட்டுக்குக் கீழ உள்ளவன் எப்படிலே கணக்குக் கேப்பான்?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நோட்டை வாங்கிப் புரட்டினார். ஐந்தாவது நோட்டுக்குள் ஒரு பழைய வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸ் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பென்சிலால் அடித்த பேர்கள், வட்டம் போட்ட பேர்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஒரு பேரில் நிறுத்தினார். "இவாள திருப்பூர்ல கட்டிக்குடுத்துப் பத்து வருசம் ஆச்சு. பேரு இன்னும் இங்க கெடக்கா, அங்க போயிட்டான்னு அந்தப் போன்ல பாரு."

எங்கள் பாகத்தின் பட்டியலை இறக்கிப் பார்த்தேன். இங்கேதான் இருந்தது. "அவா அம்மைட்ட சொல்லணும்" என்று சொல்லி, சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார்.