வேகப்பந்து வீச உயரம் வேண்டுமா? வாவிக்கரைப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பாடசாலை அணிகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் நிற்பவர்களில் உயரமானவனின் கைக்குப் புதுப்பந்து போகும். கட்டையானவனுக்கு, "நீ சுழல் போடு மகன்" என்ற புத்திமதி கிடைக்கும். 13 வயதில் சொல்லப்படும் அந்த ஒரு வரியோடு பலருடைய வேகப்பந்துவீச்சு முடிந்துவிடுகிறது.

வார இறுதி நாட்களில் படுவான்கரைப் பிள்ளைகள் சிலருக்குப் பந்துவீசப் பழக்கி வருகிறேன். அவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "சேர், நான் கட்டை. வேகமாப் போட ஏலுமா?" அவர்களுக்கு நான் துண்டு துண்டாகச் சொல்லிவரும் பதிலை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

உயரத்தால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய். உயரமானவரின் கையிலிருந்து பந்து புறப்படும் இடமே மேலே இருக்கிறது. 6 அடி 8 அங்குலம் உயரமான ஒருவர் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் உயரத்திலிருந்து பந்தை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 அடி 8 அங்குலம் உள்ளவருக்கு அது இரண்டு மீற்றருக்குச் சற்று அதிகமாக இருக்கும். இருவரும் மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில், விக்கெட்டிலிருந்து 7 மீற்றர் தூரத்தில் பந்தைக் குத்துகிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பந்து தரையைத் தொடும் கோணத்தில் வரும் வித்தியாசம் ஏறத்தாழ 2 பாகை மட்டுமே. ஆனால் இறுக்கமான ஆடுகளத்தில் அந்த 2 பாகையே பந்தை அரைச் சாணுக்கும் மேலாக உயர்த்திவிடும். மட்டையின் நடுவில் படவேண்டிய பந்து கைவிரலுக்குக் கிட்ட வருகிறது. ஜோயல் கார்னரும் கேட்லி அம்ப்ரோஸும் துடுப்பாட்ட வீரர்களைத் திணறடித்ததில் இந்தக் கோணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக, உயரம் தருவது மேலெழும்பும் பந்து. வேகம் அதிலிருந்து வருவதில்லை. நம் ஊரில் பலரும் குழப்பிக்கொள்வது இந்த இரண்டையும்தான்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

இங்கிலாந்தின் லவ்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயர்மட்டத்தில் ஆடும் 20 வேகப்பந்துவீச்சாளர்களை அளந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையிலான வேக வித்தியாசத்தில் 74 வீதத்தை நான்கு விடயங்கள் விளக்கின. முதலாவது, ஓடிவரும் வேகம். இரண்டாவது, பந்தை விடும் நேரத்தில் முன்கால் முழங்கால் மடியாமல் நேராக நிற்பது. மூன்றாவது, முன்கால் ஊன்றியதிலிருந்து பந்தை விடும்வரை உடலின் மேற்பகுதி முன்னோக்கி வளைவது. நான்காவது, பந்து பிடித்த கை அவசரப்படாமல் சற்றுத் தாமதித்துச் சுழல்வது.

இதை வாவியில் தோணி ஓட்டுபவருக்கு இலகுவாக விளங்கப்படுத்தலாம். வேகமாக வரும் தோணியின் அணியம் மண்ணில் முட்டி நின்றால், உள்ளே நிற்பவர் முன்னால் தூக்கி வீசப்படுவார். முன்கால் ஊன்றும்போது பந்துவீச்சாளரின் உடலுக்கு நடப்பதும் அதுதான். ஓடிவந்த வேகம் கால் வழியாகத் தடைப்பட்டு, இடுப்பு, தோள், கை என்று ஏறிப் பந்துக்குப் போகிறது. முழங்கால் மடிந்தால் அந்த வேகம் அங்கேயே கரைந்துவிடும். இந்த நான்கில் ஒன்றுகூட உயரம் அல்ல. நான்கையும் பழகலாம்.

ஒரே தீவின் இருவர்

பார்படோஸ் என்ற சின்னத் தீவில் பிறந்து, ஒரே காலத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு ஆடிய இருவரைப் பாருங்கள். ஜோயல் கார்னர் 6 அடி 8 அங்குலம். மல்கம் மார்ஷல் 5 அடி 11 அங்குலம். கார்னர் 58 டெஸ்ட் போட்டிகளில் 259 விக்கெட்டுகளை 20.97 என்ற சராசரியில் எடுத்தார். மார்ஷல் 81 போட்டிகளில் 376 விக்கெட்டுகளை எடுத்தார். அவருடைய சராசரி 20.94. இருவருக்கும் இடையில் 9 அங்குலம் இருந்தும் சராசரியில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். கார்னர் பந்தை எழுப்பினார். மார்ஷலின் பந்து வழுக்கிக்கொண்டு வந்து, இரு பக்கமும் அசைந்தது.

மறுபக்கத்தில் பாகிஸ்தானின் மொஹமட் இர்பான் இருக்கிறார். உயரம் 7 அடி 1 அங்குலம். அவர் ஆடிய டெஸ்ட் போட்டிகள் 4, எடுத்த விக்கெட்டுகள் 10. 2015 உலகக் கிண்ணத்தின் நடுவில் இடுப்பெலும்பு முறிவினால் விலக நேர்ந்தது. நீண்ட உடலைக் கட்டிக்காப்பதும் ஒரு வேலைதான்.

நம் நாட்டுக்கு வருவோம். சமிந்த வாஸ் உயரத்தால் பயமுறுத்தியவர் அல்ல. டெஸ்டில் 355, ஒருநாள் போட்டிகளில் 400 விக்கெட்டுகள் எடுத்தார். 2001இல் சிம்பாப்வேக்கு எதிராக 19 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் எடுத்தது இன்றுவரை ஒருநாள் போட்டிகளின் மிகச் சிறந்த பந்துவீச்சு. லசித் மாலிங்க ஏறத்தாழ 5 அடி 8 அங்குலம். கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி வீசுவதால் அவருடைய பந்து புறப்படும் இடம் இன்னும் கீழே. அந்தத் தாழ்வே அவருடைய ஆயுதமானது. பந்து எழும்பாமல் காலடிக்குள் நுழைந்தது. 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராகவும், 2019இல் பல்லேகலையில் நியூசிலாந்துக்கு எதிராகவும் அடுத்தடுத்த 4 பந்துகளில் 4 விக்கெட் எடுத்தார்.

மாலிங்க அந்த வீச்சைப் பழகியது காலிக்கு அருகே ரத்கமவில், மென்பந்தில். தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் இருந்து வந்த நடராஜனும் மென்பந்தில் யோர்க்கர் பழகியவர். 2020-21 அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணம் ஒன்றிலேயே இந்தியாவுக்காக மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமானார். கல்லடிக் கடற்கரையிலும் வயல் வெளிகளிலும் மென்பந்து ஆடும் நம் பிள்ளைகளின் தொடக்கமும் இவர்களுடைய தொடக்கமும் அவ்வளவு தூரம் இல்லை.

இங்கே உயரம் என்பது வெறும் அளவு அல்ல

ஒரு பிள்ளையின் உயரத்தில் தாய் தகப்பனின் பங்கு பெரியது. அடுத்தது, வயிற்றில் இருந்த காலமும் பிறந்து முதல் இரண்டு வருடங்களும். அந்த நாட்களில் சாப்பாடும் சுகமும் குறைந்தால் பிள்ளை கட்டையாக வளரும். 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்.

2006 முடிவிலும் 2007 தொடக்கத்திலும் வாகரையில் இருந்தும் படுவான்கரையில் இருந்தும் சனங்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்ததை இதை வாசிப்பவர்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த முகாம்களில் பிறந்த பிள்ளைகள் இன்று இளைஞர்கள். அங்கே சிறுமிகளாக இருந்தவர்கள் இன்று தாய்மார்கள். போதிய போசாக்கில்லாமல் வளர்ந்த தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம். 2022இல் விலைவாசி ஏறியபோது பால்குடிப் பருவத்தில் இருந்த பிள்ளைகளும் சில வருடங்களில் மைதானத்துக்கு வருவார்கள்.

ஆகவே இந்த மாவட்டத்தில் உயரம் பார்த்துத் தெரிவு செய்யும்போது, யுத்தமும் இல்லாமையும் ஏற்கெனவே ஒருமுறை தண்டித்த பிள்ளையை நாம் இரண்டாம் முறையும் தண்டிக்கிறோம்.

13 வயதில் எடுக்கும் அளவு நம்பக்கூடியதும் அல்ல. ஒரே வகுப்பில் ஒருவன் 12 வயதில் மளமளவென்று வளர்வான். இன்னொருவன் 15, 16 வயதில்தான் தொடங்குவான். முந்தி வளர்ந்தவனை இறுதியில் பிந்தியவன் எட்டிப்பிடிப்பதும் தாண்டுவதும் உண்டு. அதற்குள் அவனைச் சுழலுக்கு அனுப்பிவிட்டால் இழப்பு அணிக்கும்தான்.

உயரமான பிள்ளைக்கும் இந்த வழக்கத்தால் ஆபத்து இருக்கிறது. முன்கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடல் எடையின் 5 மடங்குக்கும் மேலான விசை உடலில் ஏறலாம். வேகமாக வளரும் வயதில் முதுகின் கீழ் எலும்புகள் முற்றியிருப்பதில்லை. அந்த நேரத்தில் அவனைக் கொண்டே ஓவர் முழுவதையும் போடுவித்தால் எலும்பில் வெடிப்பு வரும். இங்கிலாந்தில் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்துவீச்சாளருக்கு ஒரு தொடரில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்ற எல்லை நெடுங்காலம் இருந்தது. நம் பாடசாலைகளில் அந்த எண்ணிக்கையை ஒரு கொப்பியில் எழுதி வைப்பதற்குப் பணம் தேவையில்லை.

பொறுப்பாசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது இவைதான். 16 வயது வரைக்கும் எந்தப் பிள்ளையையும் உயரத்துக்காக வேகப்பந்திலிருந்து விலக்காதீர்கள். எவ்வளவு வேகமாக ஓடிவருகிறான், முன்கால் நிற்கிறதா என்று பாருங்கள். கைபேசியில் பதிவுசெய்து அவனுக்கே காட்டுங்கள். முதுகு நோகிறது என்றால் அன்றே நிறுத்துங்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு முட்டையோ, ஒரு பிடி அவித்த கடலையோ கிடைக்கச் செய்யுங்கள்.

"வேகமாப் போட ஏலுமா?" என்று கேட்கும் பிள்ளைக்கு என் பதில் இது: ஏலும், தம்பி. உயரமானவன் எழுப்புவதுபோல் உன்னால் எழுப்ப முடியாது. அதற்காக நீ கவலைப்படாதே. வேகமாக ஓடி வா, முன்காலை மடிக்காதே, பந்தைத் துடுப்பாட்டக்காரனின் காலடியில் போடப் பழகு. வளர்ச்சி வந்தால் அது மேலதிகம்.