காரணம் வேறு, நியாயம் வேறு

பாரதிராஜா இயக்கி 1978-இல் வெளிவந்த 'சிகப்பு ரோஜாக்கள்', இன்று பெர்மாஸ் ஜெயாப் பிள்ளைகளும் கைபேசியில் பார்த்துவிடக்கூடிய படம். போலீசார் துப்புத் துலக்கும் கதையன்று. கொலைகாரன் பக்கம் நின்று சொல்லும் கதை. பெண்களைக் கொன்று புதைக்கும் திலீப்பாகக் கமல்ஹாசன் நடித்தார்.

சிறுவயதில் அவனிடம் தவறாக நடக்க முயன்ற பெண், பழியை அவன்மீதே போட்டாள். அவன் சொல்லை யாரும் கேட்கவில்லை, அடித்துத் துரத்தினார்கள். பிறகு எடுத்து வளர்த்தவரோ பெண்வெறுப்பையே ஊட்டினார்.

அதற்காக அவனை மன்னிக்கலாமா? கூடாது. ஸ்ரீதேவி நடித்த சாரதா அவனுக்கு என்ன தீங்கு செய்தாள்? மண்ணுக்குள் போன பெண்கள்தாம் என்ன செய்தார்கள்?

பெற்றோர்களே! படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். பையன் அழுதுகொண்டு வந்து நின்றால், கையை ஓங்குமுன் அவன் சொல்வதைக் கேளுங்கள்.