‘வீட்லதானே இருக்கீங்க!’ - ஒர்க் ஃப்ரம் ஹோம் பறித்துக்கொண்ட ஓய்வை மீட்பது எப்படி?

காய்ச்சல் 101. ஆர்.டி.-பி.சி.ஆர். முடிவு பாசிட்டிவ். வீட்டில் ஓர் அறை ஒதுக்கியாகிவிட்டது, சாப்பாட்டுத் தட்டு வாசலில் ஸ்டூல் மீது வருகிறது. அதே அறையில் கட்டில் மேல் லேப்டாப்பும் திறந்தே கிடக்கிறது. “முடிஞ்சா மட்டும் லாகின் பண்ணுங்க, ஒரே ஒரு கால்தான்” என்று டீம் லீட் சொல்லியிருக்கிறார். 2021 மே மாதம் இரண்டாம் அலையில் தமிழகமே மூடிக் கிடந்தபோது, ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இது அந்நியமான காட்சி அல்ல.

ஆபீஸ் திறந்திருந்தால் அவர் யோசிக்காமல் லீவ் போட்டிருப்பார். காய்ச்சலோடு பஸ் ஏறி வரச் சொல்லி எந்த மேனேஜரும் கேட்க மாட்டார். ஆனால், லேப்டாப் தலைமாட்டிலேயே இருக்கும்போது ‘முடியலை’ என்று சொல்வதற்கே ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. சொல்பவருக்கும் தயக்கம், கேட்பவருக்கும் ‘வீட்லதானே இருக்கார்’ என்ற நினைப்பு. ஒர்க் ஃப்ரம் ஹோம் சத்தமில்லாமல் விழுங்கிய முதல் விஷயம், சிக் லீவ்.

ஆபீஸ் சும்மா தந்த ஓய்வு

‘செல்ஃப் கேர்’ என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ஃபேஸ் பேக், வாசனை மெழுகுவர்த்தி, யோகா மேட், மெடிட்டேஷன் ஆப். எல்லாம் நல்லதுதான். ஆனால், வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குத் தேவை கூடுதலாக ஒரு பொருள் அல்ல. ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று போய்விட்டது, அது என்ன என்று தெரிந்தால் போதும்.

2020-க்கு முந்தைய ஒரு சாதாரண வேலைநாளை எடுத்துக்கொள்ளலாம். பஸ் ஸ்டாப் வரை நடை. வண்டியில் ஜன்னல் ஓரம் அரைத் தூக்கம். சீட்டிலிருந்து மீட்டிங் அறைக்கு, அங்கிருந்து கேன்டீனுக்கு, பக்கத்து டீமில் இருப்பவரிடம் ஒரு சந்தேகம் கேட்க என்று நாள் முழுக்க எழுந்து நடப்பது. நாலு மணிக்கு வாசல் டீக்கடையில் பத்து நிமிடம் ஊர்க்கதை. ஆறரைக்கு கம்பெனி பஸ் கிளம்பிவிடும் என்பதால், வேலை முடிந்ததோ இல்லையோ, மூட்டை கட்டியாக வேண்டும்.

இதில் எதையும் யாரும் உடற்பயிற்சி, ஓய்வு என்று நினைக்கவில்லை. டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டேதான் போனார்கள். ஆனால், கண்ணுக்கும் முதுகுக்கும் மனசுக்கும் இடைவெளி தந்தது அந்த அலைச்சல்தான். 2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. அந்த இடைவெளிகள் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போயின. மிச்சமான பயண நேரம் யாருக்குக் கிடைத்தது? பெரும்பாலும் லேப்டாப்புக்குத்தான்.

வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு இருந்த கட்டுப்பாடுகளை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை முதலில் தற்காலிகமாகத் தளர்த்தியது. 2020 நவம்பரில் விதிகளையே மாற்றி எளிமையாக்கிவிட்டது. ஆகவே, ‘கொரோனா முடிஞ்சதும் சரியாகிடும்’ என்று காத்திருந்ததில் அர்த்தமில்லாமல் போனது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ம் ஆண்டைச் சேர்ந்தது. லேப்டாப் என்ற சொல்லே பிறக்காத காலம். அதன்படி ஊழியரின் வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். உடல்நலமின்மைக்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. மற்றபடி, வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாலேயே ஒருவர் ஊழியர் இல்லை என்றாகிவிடாது.

இதை மேனேஜரிடம் சட்டப் புத்தகம்போல நீட்ட வேண்டியதில்லை. நீட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. ஆனால், லீவ் கேட்பது சலுகை கேட்பது அல்ல என்ற தெளிவு, கேட்கும் தொனியையே மாற்றும். “உடம்பு கொஞ்சம் சரியில்லை, ட்ரை பண்றேன்” என்பதைவிட, “நாளை முதல் ஐந்து நாள் சிக் லீவ், என் வேலையை இன்னார் பார்ப்பார்” என்று மெயில் போடுவது இரு தரப்புக்கும் நல்லது. ‘ட்ரை பண்றேன்’ என்றால் அலுவலக அகராதியில் ‘வந்துடுவேன்’ என்றுதான் பொருள்.

கோவிட் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். முதல் சில நாள் லேசாக இருந்துவிட்டு, அதன் பிறகு மூச்சுத்திணறல் வந்தவர்கள் உண்டு. பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவ உதவி தேவை. கால் மேல் காலாக உட்கார்ந்திருப்பவர் அதைக் கவனிக்கத் தவற வாய்ப்பு அதிகம். நெகட்டிவ் ஆன பிறகும் வாரக்கணக்கில் சோர்வு, மறதி, படி ஏறினால் மூச்சு வாங்குவது என்று இழுத்துக்கொண்டு போகலாம். ‘ரெக்கவர் ஆயாச்சே’ என்று முதல் நாளே பத்து மணி நேரம் உட்காராமல், பாதி நாள் வேலையில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போவது பாதுகாப்பானது.

நீண்ட வேலை நேரத்தின் விலை என்ன என்பதும் கணக்கில் வந்திருக்கிறது. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021 மே மாதம் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். ஒப்பீடு, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு.

கழுத்துக்குப் பழைய புத்தகம், கண்ணுக்கு மொட்டை மாடி

லேப்டாப்பை எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்வதற்காகப் படைக்கவில்லை. திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் தூக்கும். தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனியும்போது கழுத்தெலும்பில் விழும் பாரம் 27 கிலோ அளவுக்குப் போகும் என்று 2014-ல் நியூயார்க் மருத்துவர் ஒருவர் கணினி மாதிரி மூலம் கணக்கிட்டார். பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையைக் கழுத்தில் உட்கார வைத்துக்கொண்டு கோடிங் எழுதுவதுபோல.

தீர்வுக்கு ஆயிரக்கணக்கில் செலவு வேண்டாம். பரணில் கிடக்கும் தடிப் புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வருமாறு லேப்டாப்பை ஏற்றலாம். சில நூறு ரூபாய்க்குத் தனி கீபோர்டும் மவுஸும் கிடைக்கும். பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது என்றால், இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, பாதம் தரையில் படியும்படி உட்காரலாம். கட்டிலில் சாய்ந்து வேலை செய்வதை மட்டும் விட்டுவிட வேண்டும். முதுகு கெடுவது ஒரு பக்கம். படுக்கைக்குப் போனாலே மூளைக்கு ‘ஸ்டேட்டஸ் கால்’ ஞாபகம் வருவது இன்னொரு பக்கம்.

கண்ணைப் பொறுத்தவரை, சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறைபோல இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது பாதிக்கும் குறைவாக இமைக்கிறோம். எரிச்சலும் வறட்சியும் வருவது அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் ஒன்றை, 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். சென்னையின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் 20 அடி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஜன்னல், பால்கனி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் சரி. ஒரு நாளைக்கு இரண்டு முறை மொட்டை மாடிக்குப் போய்வந்தால், கண்ணோடு காலுக்கும் வேலை கிடைக்கும்.

மீட்டிங் ஏன் இப்படி அசத்துகிறது?

உட்கார்ந்த இடத்தில் பேசிவிட்டு எழுந்தாலே அடித்துப்போட்டதுபோல ஏன் இருக்கிறது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021 பிப்ரவரியில் நான்கு காரணங்களைச் சொன்னார். பல முகங்கள் மிக நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்ப்பது, நகர முடியாமல் கேமராவுக்குள் அடங்கிக் கிடப்பது, தலையாட்டலையும் கண்ணசைவையும்கூட முயன்று செய்ய வேண்டியிருப்பது. யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. எந்த ஆபீஸிலும் மேஜை மேல் கண்ணாடி வைத்துக்கொண்டு யாரும் மீட்டிங் நடத்தியதில்லை.

நம் முகம் நமக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு. பேசுவதைவிடக் கேட்பது அதிகமுள்ள அழைப்புகளுக்கு கேமராவை அணைத்து, ஹெட்போனோடு ஹாலுக்குள்ளேயே நடக்கலாம். அரை மணி மீட்டிங்கை 25 நிமிடமாகக் காலண்டரில் போடுவதும் உதவும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 14 பேரின் மூளை அலைகளை அளந்து செய்த சோதனையில், இடைவெளியில்லாத அடுத்தடுத்த மீட்டிங்குகளில் மன அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. நடுவில் 10 நிமிடம் விட்டபோது அப்படி ஏறவில்லை.

அமெரிக்க கிளையன்ட்டுக்கு வேலை செய்பவர்களின் பாடு வேறு. அமெரிக்காவில் கோடைக்கால நேரம் நடக்கும்போது, நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு ஏழரை. அதற்காகத் தெம்பாக இருக்க ஆறு மணிக்கு ஃபில்டர் காபி குடித்தால், அதிலுள்ள காஃபினில் ஏறக்குறைய பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். கடைசி காபியை மதியத்தோடு நிறுத்திவிட்டு, படுக்கும் நேரம் முன்பின் ஆனாலும் எழும் நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டால் தூக்கம் மெல்ல வசத்துக்கு வரும்.

குக்கர் விசில் கேட்கும் மீட்டிங்

இந்த யோசனைகள் எல்லாம் வீட்டில் ஒருவருக்கு அப்படியே பொருந்துவதில்லை. மத்திய அரசின் 2019-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். இது கொரோனாவுக்கு முந்தைய கணக்கு. அதற்குப் பிறகு வேலைக்கார அம்மா வருவது நின்றது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் செல்போனுக்குள் வந்தது, மூன்று வேளையும் எல்லோருக்கும் வீட்டிலேயே சாப்பாடு என்றானது.

அந்தப் பெண்ணிடம் ‘உனக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கு’ என்று சொல்வது, அவர் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில் இன்னொன்றைச் சேர்ப்பதாகவே முடியும். காலை டிபன் யார், பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு யார், பாத்திரம் யார் என்று ஞாயிற்றுக்கிழமையே பேசிப் பிரித்துக்கொள்வதுதான் அந்த வீட்டின் செல்ஃப் கேர். ‘ஹெல்ப் பண்றேன்’ என்று சொல்லிக்கொண்டு கணவர் வெங்காயம் நறுக்கித் தருவது அதில் சேராது.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

தனியாக அறையெடுத்துத் தங்கியிருப்பவருக்குச் சிக்கல் நேரெதிர். சில நாட்களில் மீட்டிங்கைத் தவிர யாரிடமும் வாய் திறந்து பேசியிருக்க மாட்டார். டீக்கடைப் பேச்சு தற்செயலாக நடந்தது. அதை இப்போது திட்டமிட்டுத்தான் நடத்த வேண்டும். பழைய டீம் நண்பருக்கு நாலு மணிக்கு ஒரு போன், அதில் வேலை பற்றிப் பேச்சில்லை என்ற ஒரே நிபந்தனையோடு.

சலிப்பு எல்லோருக்கும் வருவதுதான். ஆனால், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத அழுகை அல்லது எரிச்சல் போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு மூன்றாவது நாளே லாகின் செய்தவர்கள், இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். தமிழக அரசின் 104 சேவையில் ஆலோசனை பெறலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், சென்னையில் செயல்படும் சிநேகா அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழைத்துப் பேசலாம்.