டிசம்பர் கடைசி நாளைக் காணாத வகுப்பு

கட்டுகஸ்தோட்டையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆண்டின் கடைசி நாள் வந்துவிட்டதென்றால் காலை பஸ்ஸிலேயே தெரிந்துவிடும். புத்தகப் பை மெலிந்திருக்கும். கையில் ரோல்ஸ் பெட்டியோ, துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய பட்டர் கேக்கோ இருக்கும். அது நசுங்காமல் பாடசாலை போய்ச் சேரவேண்டும் என்பதுதான் அம்மாமாரின் அன்றைய கவலை.

வகுப்பில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கரும்பலகையில் நிறச் சோக்கால் பூ வரைந்து, பாட்டு, சங்கீதக் கதிரை, சாப்பாடு. பிறகு தேர்ச்சி அறிக்கையுடன் வீடு. ஆனாலும் தரம் 5 வரை இந்த நாளுக்கு ஒரு தனி எடை உண்டு. தாய்மொழி, கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று பெரும்பாலானவற்றை ஒரே வகுப்பாசிரியர்தான் கற்பிக்கிறார். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்பது தரம் 6 இல்தான் தொடங்குகிறது. சின்னப் பிள்ளைக்கு 'டீச்சர்' என்றால் அந்த ஒருவர்தான். அவரைப் பிரிய ஒரு நாள் வேண்டும், பிரிவு ஆறச் சில வாரங்கள் வேண்டும். டிசம்பர் விடுமுறை அதைச் சத்தமில்லாமல் செய்துவந்தது. புதிய புத்தகங்களுக்கு உறை போட்டு முடிக்கும்போது பிள்ளையும் அடுத்த வகுப்புக்குத் தயாராகியிருக்கும்.

2020 ஜனவரியில் தரம் 1 இல் சேர்ந்த பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். மார்ச் 13 இல் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த டிசம்பரில் ஆரம்பப் பிரிவு வகுப்பறைகள் பூட்டியே கிடந்தன. 2021ஆம் கல்வியாண்டு 2022 ஏப்ரலில்தான் முடிந்தது. அதன்பின் எரிபொருள் தட்டுப்பாடு. இழந்த நாட்களை ஈடுசெய்ய அமைச்சு விடுமுறையை வெட்டியது. 2022ஆம் கல்வியாண்டு 2023 மார்ச் 24 வெள்ளிக்கிழமை முடிந்தது, அடுத்தது மார்ச் 27 திங்கட்கிழமை தொடங்கியது. மறுமுறை 2024 பெப்ரவரி 16 வெள்ளி, 19 திங்கள். பிறகு 2025 ஜனவரி 24 வெள்ளி, 27 திங்கள். மூன்று முறையும் ஒரு வகுப்புக்கும் மறு வகுப்புக்கும் இடையே ஒரு சனி, ஒரு ஞாயிறு மட்டுமே. பாடநாட்களைக் காப்பாற்ற வேறு வழி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைகள் ஆரம்பப் பிரிவின் ஐந்து ஆண்டுகளிலும் ஒரு டிசம்பர் கடைசி நாளைக்கூடப் பார்க்கவில்லை.

இவர்களுடைய தரம் 5 இன் முடிவு இன்னும் மோசம். 2024 செப்டெம்பர் 15 இல் நடந்த புலமைப்பரிசில் பரீட்சையில் வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கசிந்த மூன்று வினாக்களுக்கும் எல்லோருக்கும் முழுப் புள்ளி வழங்கும்படி டிசம்பர் 31 இல் தீர்ப்பு வந்தது. பெறுபேறு வெளியானதோ ஜனவரி 23 இல், அதாவது கடைசி நாளுக்கு முந்தைய நாள். வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தவர்கள், வராதவர்கள் என்று பிரிந்தபின் ஒரே வகுப்பில் எப்படிச் சங்கீதக் கதிரை விளையாடுவது? பல பிள்ளைகள் தரம் 6 க்கு வேறு பாடசாலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே அது சிலருக்கு நண்பர்களோடு இருந்த கடைசி நாளும்கூட.

2025 டிசம்பரில் நாட்காட்டி ஒருவாறு பழைய இடத்துக்குத் திரும்பும் என்றிருந்தது. நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மண்சரிவிலும் வெள்ளத்திலும் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி மாவட்டம்தான். டிசம்பர் 16 இல் பாடசாலைகள் மீண்டும் திறக்கத் தொடங்கியபோது, பலருக்கு வீடே இருக்கவில்லை.

காசு விடயத்தையும் இங்கேயே சொல்லவேண்டும். கடைசி நாள் கொண்டாட்டத்துக்கு ஆளுக்கு 500 ரூபாய் என்று வட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதிவிட்டால், மற்றவர்கள் கட்டைவிரலைப் போட்டுவிடுவார்கள். நாட்சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தோட்டத் தொழிலாளி அந்தக் குழுவில் வாய் திறக்கமாட்டார், அன்றைக்குப் பிள்ளைக்குக் 'காய்ச்சல்' வந்துவிடும். ஆசிரியருக்கான பரிசுக்கும் இதே கதைதான். பணம் சேர்க்காத வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருப்பதைக் கொண்டுவரச் சொல்லி, எல்லாவற்றையும் ஆசிரியையே வாங்கி, ஒரே மேசையில் கலந்து பரப்பிவிடுவார். அவித்த கடலையும் பட்டர் கேக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கடலைதான் முதலில் தீரும்.