வளாகச் சூழலும் நிலைக்குழுவும்

குழு அமைப்பது நமக்குப் புதிய கலையன்று. சேகரக் கமிட்டி முதல் திருமண்டல நிர்வாகக் குழு வரை எத்தனையோ குழுக்களில் அமர்ந்து பழகியவர்கள் நாம். ஒரு காரியத்தில் உடனே முடிவெடுக்க மனமில்லாதபோது அதை ஒரு குழுவுக்கு அனுப்பிவைத்ததும் உண்டு. இன்று கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தங்கள் வளாகத்தின் நீர், மின்சாரம், எரிபொருள், குப்பை, மரங்கள் ஆகியவற்றைப் பேணும் பொறுப்பைக் குழுக்களிடம் ஒப்புவித்து வருகின்றன. நம் ஆயர்களுள் பலர் திருச்சபைக் கல்லூரிகளின் ஆட்சிமன்றங்களில் அங்கம் வகிப்பவர்கள். இன்றைய இறையியல் மாணவருள் சிலர் நாளை தாளாளர் நாற்காலியில் அமரக்கூடியவர்கள். ஆகவே இத்தகைய குழு எதனால் இயங்குகிறது, எதனால் முடங்குகிறது என்பதை அறிந்திருப்பது நமக்குத் தேவை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் சுற்றுச்சூழல் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். தாவரவியல் பேராசிரியர் இருவர், நூலகர், மாணவர் தலைவர், போதகர் என்ற முறையில் நான். மரக்கன்றுகள் நட்டோம், சுவரொட்டி எழுதினோம், இருபது பக்க அறிக்கை ஒன்றும் கொடுத்தோம். விடுதியில் தண்ணீர்ப் பஞ்சம் தீரவில்லை. குழு கலைந்தபின் ஒரு நாள் மோட்டார் இயக்குபவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, மேல்நிலைத் தொட்டி ஒவ்வோர் இரவும் நிரம்பி வழிந்து வடிகாலில் ஓடுவதை அவர் சொன்னார். “ஐயா, என்னைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேனே” என்றார். அவரைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1990ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் தல்வார் என்ற சிற்றூரில், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் ஜீன் மேயரின் அழைப்பின்பேரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் 22 பேர் கூடி, பத்து அம்சங்கள் கொண்ட ஓர் அறிக்கையை வெளியிட்டனர். தம் வளாகத்திலேயே சிக்கனத்தைக் கடைப்பிடிப்பதும், தொடர்புடைய யாவரையும் பணியில் சேர்த்துக்கொள்வதும் அவற்றுள் அடங்கும். பின்னர் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டன. கையெழுத்திடுவது எளிது. பிறகு என்ன செய்வது என்பதற்கு இந்தியானா மாநிலத்து மன்சி நகரின் வரலாறு நல்ல சான்றாகும்.

மன்சி நகரத்தார் வளம் அழிவதைக் கண்ணாரக் கண்டவர்கள். 1886ஐ ஒட்டி அவ்வட்டாரத்தில் பூமிக்கடியில் இயற்கை எரிவாயு பெருமளவில் கண்டறியப்பட்டது. அதை நம்பியே கண்ணாடிப் புட்டிகள் செய்த பால் சகோதரர்கள் அங்குக் குடியேறினர். வாயு ஒருநாளும் தீராது என்று எண்ணிய ஊரார் இரவும் பகலும் பந்தங்களை அணையாமல் எரியவிட்டனர். ஒரு தலைமுறைக்குள் அது தீர்ந்துபோயிற்று. அச்சகோதரர்கள் 1918இல் மாநிலத்துக்கு அளித்த நிலத்திலும் கட்டடங்களிலும் வளர்ந்ததே பால் ஸ்டேட் பல்கலைக்கழகம்.

அங்கு 1991இல் முதற் பசுமைக் குழு அமைந்தது. சுற்றுச்சூழல் அறிவைப் பாடத்திட்டம் முழுவதிலும் புகுத்துவதே அதன் முதன்மை நோக்கம். குழு பரிந்துரைகளை அளித்தது. அத்துடன் அதன் பணி முடிந்தது. பத்தாண்டுகள் கழியுமுன் இரண்டாம் குழு ஒன்று வேண்டியதாயிற்று. முந்திய பரிந்துரைகளின் கதி என்ன என்று கேட்பதற்கு நிலையான அமைப்பு எதுவும் இல்லாமற்போனதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. 2001இல்தான் சுற்றுச்சூழல் கவுன்சில் என்ற பெயரில் நிலைக்குழு உருவாயிற்று. எல்லாக் கல்விப் பிரிவுகளும், நிதி, கட்டடப் பராமரிப்பு உள்ளிட்ட நிர்வாகத் துறைகளும், மாணவரும், ஊர் மக்களும் அதில் இடம்பெற்றனர். ஆசிரியர் மட்டுமே அமர்ந்த குழு அன்று அது.

அவ்வளாகத்தை வெப்பமூட்டிய நிலக்கரிக் கொதிகலன்கள் நான்கும் பல பத்தாண்டுப் பழைமை உடையவை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 36,000 டன் நிலக்கரியை விழுங்கியவை. அவற்றுக்கு மாற்றாகப் புதிய கொதிகலன் ஒன்றை அமைப்பதே முதல் திட்டம். செலவு எதிர்பார்த்ததினும் மிகுந்தபோது வேறு வழி தேடினர். 2009இல் நிலவெப்பத் திட்டத்தின் வேலை தொடங்கிற்று. சில நூறடி ஆழமுள்ள ஏறத்தாழ 3,600 துளைகளில் குழாய்களை இறக்கி நீரைச் சுற்றிவரச் செய்தனர். ஆழ்நிலத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதும் மாறுவதில்லை; ஆகையால் கோடையில் கட்டடத்தின் வெப்பத்தை நிலத்திற் செலுத்தவும், குளிர்காலத்தில் நிலத்தின் வெப்பத்தை மேலே கொணரவும் கூடும். 2014இல் நிலக்கரி எரிப்பது நின்றது. இந்த முடிவைச் சுற்றுச்சூழல் கவுன்சில்தான் எடுத்தது என்பது மிகைக்கூற்றாகும். ஆட்சிமன்றமும் பொறியாளரும் எடுத்த முடிவு அது. ஆனால் விலை ஏறியபோது, வேறு வழி உண்டா என்ற கேள்வி அவ்வளாகத்துக்கு அந்நியமாக இருக்கவில்லை. பல ஆண்டுகளாக அதைக் கேட்டுப் பழகிய ஒரு மன்றம் அங்கே இருந்தது.

2007இல் அமெரிக்கக் கல்லூரித் தலைவர்கள் பலர் செய்துகொண்ட தட்பவெப்ப உடன்பாடு இதற்குக் கால அளவும் வகுத்தது: இரண்டு மாதங்களுக்குள் பொறுப்பேற்கும் அமைப்பு, ஓராண்டுக்குள் வெளியேறும் புகையின் கணக்கு, இரண்டாண்டுக்குள் செயல்திட்டம். கணக்கெடுத்தபின் திட்டம் என்ற இவ்வரிசை கவனிக்கத்தக்கது. நாங்கள் தொட்டியை அளக்காமலே மரம் நட்டவர்கள்!

நம் நாட்டிலும் கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு, ஏழாம் அளவுகோலின் கீழ்ப் பசுமைத் தணிக்கை, மழைநீர் சேமிப்பு, குப்பை மேலாண்மை ஆகியவற்றைக் குறித்து வினவியதால், பல கல்லூரிகளில் இத்தகைய குழுக்கள் தோன்றின. இதில் நன்மை உண்டு, ஆபத்தும் உண்டு. பார்வையாளர் வரும் மாதத்தில் விழித்து, கோப்பைத் தயாரித்துவிட்டு மீண்டும் உறங்கும் குழுக்களை நான் கண்டிருக்கிறேன். ஆட்சிமன்றத்துக்கு ஆண்டுதோறும் நேரில் அறிக்கை அளிக்கும் கடமையும், சிறியதாயினும் தனக்கென ஒரு நிதியும் இல்லாத குழுவுக்கு இந்நிலை நேர்வது இயல்பே. பொருளாளர் உறுப்பினராக இருப்பின் நிதி பற்றிய பேச்சு அங்கேயே முடியும். இல்லாவிடில் அது அடுத்த கூட்டத்துக்கும் அதற்கடுத்த கூட்டத்துக்கும் ஒத்திவைக்கப்படும். தலைமைப் பொறுப்பைக் கல்லூரி முதல்வரே ஏற்பது சிறப்பு என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. வேலைப்பளுவால் அவர் வராத நாளில் கூட்டமே நடவாது. அவருடைய நம்பிக்கையைப் பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் போதும்.

ஆட்சிமன்றத்தில் அமரும் நம்மவர் ஒருவர் இத்தகைய குழுவை முன்மொழிய நேரிடின், முதற் கூட்டத்துக்குச் சில காகிதங்களை வரவழைத்து வைப்பாராக: மூன்று ஆண்டுகளின் மின்கட்டணச் சீட்டுகள், தண்ணீர் லாரிக்குக் கொடுத்த தொகை, ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் கணக்கு, விடுதிச் சமையலறையிலிருந்து நாள்தோறும் வெளியேறும் மிச்சத்தின் எடை. பேராசிரியர்கள் பேசத் தொடங்குமுன், மோட்டார் இயக்குபவரையும், விடுதிச் சமையற்காரரையும், வளாகத்தைப் பெருக்கும் பெண்களுள் ஒருவரையும் அழைத்து உட்காரவைத்து, அவர்கள் சொல்வதை நடவடிக்கைக் குறிப்பில் அவர்கள் பெயரோடு எழுதிக்கொள்வாராக.