எழுதி வைத்தது எங்கே?

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். சிறு சிறு இடைவெளிகளோடு ஏறக்குறைய 25 ஆண்டுகள், 1761 ஜனவரியில் அவர் கண்மூடும் காலம்வரை அது நீண்டது. துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சரக்கு என்ன விலைக்குப் போனது, ஆளுநர் துய்ப்ளேக்ஸ் யார்மீது சினந்தார், ஊரில் என்ன வதந்தி உலவியது என எல்லாமே அதில் உண்டு. வணிகராகவும் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷாகவும், அதாவது மொழிபெயர்ப்பாளராகவும், இருந்தவர் தனக்காக எழுதிவைத்தவை அவை. 1846இல் கலுவா மொம்பிரான் என்ற பிரெஞ்சு அதிகாரி அந்தக் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. கடைசிக் குறிப்புக்கும் கடைசித் தொகுதிக்கும் இடையே 167 ஆண்டுகள்.

ஒரு மனிதரின் குறிப்புகளைப் படித்து, பிரித்து, வரிசைப்படுத்தி, தேடி எடுக்கும் நிலைக்குக் கொண்டுவர ஒரு அரசாங்கமும் பல அறிஞர்களும் தேவைப்பட்டார்கள். பெரிய மனிதர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. மற்றவர்கள் எழுதியதெல்லாம் பரணில் போனது, பழைய பேப்பர் கடைக்குப் போனது. இன்று கையிலிருக்கும் போனில் உள்ள ஏஐ உதவியாளரால், ஒரு பள்ளி ஆசிரியையின் பத்தாண்டு நோட்டுக்கும் ஒரு விவசாயியின் சாகுபடிக் கணக்குக்கும் அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்துதர முடிகிறது. இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். ஆனால் பெரும்பாலானவர்கள் அதனிடம் கேட்பது ‘சுருக்கிக் கொடு’ என்பதை மட்டும்தான். நம் குறிப்புகளுக்கு அதைவிட நல்ல கதி கிடைக்க வேண்டும்.

குறிப்பு எழுதுவதில் நமக்குக் குறையில்லை. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட செய்தி, போனின் நோட்ஸ் செயலி, டாக்டர் சீட்டின் பின்பக்கம், மளிகைக் கடை காலண்டரின் ஓரம் என்று எங்கெங்கோ எழுதிவைக்கிறோம். வேண்டிய நேரத்தில் அது கிடைப்பதில்லை, அதுதான் தொல்லை. தமிழில் எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. சாதாரணத் தேடல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. ‘கிணறு’ என்று தேடினால் ‘கிணற்றில்’ என்று எழுதிய வரி அகப்படாது. ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டுக்கு’ தப்பிவிடும். போதாக்குறைக்கு ஒரு நாள் ‘சர்க்கரை’ என்று எழுதியிருப்போம், இன்னொரு நாள் ‘சுகர்’, மற்றொரு நாள் ‘ஷுகர்’.

ஏஐ உதவியாளர்களுக்குள் இருக்கும் மொழி மாதிரிகளை வைத்துச் செய்யும் தேடல் வேறு விதமானது. குறிப்புகளை அது சிறு சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டையும் நீண்ட எண்வரிசையாக மாற்றிவைக்கிறது. பொருளால் நெருங்கிய துண்டுகளுக்கு எண்வரிசையும் நெருக்கமாக அமையும். நாம் ஒன்றைக் கேட்டதும், கேள்விக்குப் பக்கத்தில் உள்ள சில துண்டுகளை மட்டும் பொறுக்கியெடுத்து மாதிரியின் முன் வைக்கிறது. மாதிரி அவற்றைப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறது. அதனால்தான் ‘கிணறு’ என்று கேட்டாலும் ‘ஊற்று வற்றிவிட்டது’ என்ற வரி வந்து நிற்கிறது. 2023இல் கூகுள் கொண்டுவந்த நோட்புக்எல்எம் போன்றவை, பதிலில் சொல்வதற்கு நம் குறிப்பின் எந்தப் பகுதி ஆதாரம் என்றும் காட்டுகின்றன. அந்த வசதியைப் பதிலைவிட மேலானதாக மதிக்கிறேன்.

அந்த வேலைமுறையிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. பொறுக்கியெடுத்த துண்டுகளுக்கு வெளியே இருப்பதை மாதிரி அந்தக் கேள்விக்காகப் பார்ப்பதே இல்லை. ஆகவே ‘எத்தனை முறை?’, ‘எப்போதாவது?’, ‘ஒருபோதும் இல்லையா?’ என்ற வகைக் கேள்விகளில் அது சறுக்கும். நாற்பது இடங்களில் இருப்பதில் பன்னிரண்டை மட்டும் பார்த்துவிட்டு, பன்னிரண்டு என்று தயங்காமல் சொல்லும். எண்ணிக்கை வேண்டுமென்றால் மாதம் மாதமாகப் பிரித்துக் கொடுத்து, தேதி வாரியாகப் பட்டியல் போடச் சொல்லி, நாமே எண்ணிக்கொள்வதுதான் சரி. குறிப்பு சிறியதாக இருந்தால் முழுவதையும் உரையாடலுக்குள்ளேயே ஒட்டிவிடலாம். இப்போதைய பெரிய மாதிரிகள் ஒரு புத்தக அளவை ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளும். அப்போதும் நீண்ட உரையின் நடுப்பகுதியில் உள்ளதை அவை தவறவிடுவதுண்டு.

வீட்டில் வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களின் நோட்டை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் மகளோ மருமகளோ எழுதுவது. ஒரு குடும்பத்தின் மிக முக்கியமான ஆவணம், யாரும் ஆவணமாக மதிக்காதது. ‘காலை வெறும் வயிற்றில் 148. இரவு இரண்டு தடவை எழுந்தார்.’ ‘புது பிரஷர் மாத்திரை ஆரம்பம், பாதி.’ ‘எழுந்ததும் தலை சுற்றல், சுவரைப் பிடித்துக்கொண்டார்.’ ‘இன்று சரியாகச் சாப்பிடவில்லை, மாத்திரை மட்டும் போட்டார்.’ இப்படி மாதக்கணக்கில் நீளும். டாக்டரிடம் போனால் கிடைப்பது சில நிமிடங்கள். ‘எப்படி இருக்கிறார்?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை டாக்டர், அப்பப்போ தலை சுத்துதுங்கறார்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நோட்டு பைக்குள்ளேயே இருக்கும்.

அந்த நோட்டைக் கொடுத்து ஏஐயிடம் கேட்க வேண்டியது சுருக்கத்தை அல்ல. ‘தலை சுற்றல் பற்றி எழுதிய நாட்களைத் தேதி வரிசையில் தரவும். ஒவ்வொன்றுக்கும் முந்தைய ஏழு நாட்களில் மாத்திரை, சாப்பாடு, தூக்கம் இவற்றில் என்ன மாறியதாக எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் காட்டவும். என் வரியை மாற்றாமல் அப்படியே எடுத்துத் தரவும். குறிப்பில் இல்லாததைச் சேர்க்க வேண்டாம். இல்லையென்றால் இல்லை என்று சொல்லவும்.’ இவ்வளவு விரிவாகக் கேட்டால் அரைப் பக்க அட்டவணை ஒன்று கிடைக்கும். அதை டாக்டர் மேசையில் வைத்தால் பேச்சே வேறாக இருக்கும். நோய் என்ன, மாத்திரையை நிறுத்தலாமா என்பதை அவர் சொல்லட்டும். நோட்டில் இருப்பதை அவர் கண்ணுக்குக் கொண்டுபோவதோடு ஏஐயின் வேலை முடிகிறது.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. அந்த மகளுக்கு ‘புது மாத்திரையால்தான் தலை சுற்றல்’ என்று மனதில் பதிந்திருக்கும். அப்படியே கேட்டால் அதற்கு ஒத்துப்போகிற வரிகளைத்தான் இந்தக் கருவிகள் பெரும்பாலும் அடுக்கித் தரும். கேட்பவர் பக்கம் சாய்வது அவற்றின் இயல்பு. எனவே மாற்றிக் கேட்க வேண்டும்: ‘மாத்திரை தொடங்குவதற்கு முன்பே தலை சுற்றியதாக எழுதிய நாட்கள் உண்டா? மாத்திரை போட்டும் சுற்றாத வாரங்கள் எவை?’ சார்லஸ் டார்வின் தன் வாழ்க்கைக் குறிப்பில் தன் பழக்கம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு செய்தியோ எண்ணமோ தென்பட்டால் அந்தக் கணமே எழுதிவைத்துவிடுவாராம்; சாதகமானவற்றைவிட அவைதான் நினைவிலிருந்து சீக்கிரம் நழுவுகின்றன என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார். நம் நோட்டிலும் அத்தகைய வரிகள் நாம் மறந்த பக்கங்களில் இருக்கின்றன. அவற்றைத் தேடி முன்னால் நிறுத்தச் சொல்வதுதான் இந்தக் கருவியின் ஆகச் சிறந்த பயன் என்பது என் எண்ணம். மாதம் மாதமாகப் பிரித்துக் கொடுத்தால் சலிக்காமல் புரட்டும். நம்மைப் போல மனம் வலிக்கிற பக்கத்தைத் தாண்டிப் போகாது.

கையெழுத்து நோட்டைப் போட்டோ எடுத்துக் கொடுத்தாலும் ஏஐ படித்துவிடுகிறது. தெளிவான தமிழ்க் கையெழுத்தை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. அவசரக் கிறுக்கலில் தடுமாறுகிறது. சொற்களைவிட எண்களில்தான் கவனம் வேண்டும். 1ம் 7ம் மாறலாம். 0.5 என்பதில் புள்ளி மங்கியிருந்தால் 5 ஆகிவிடும். மருந்து அளவில் அது பத்து மடங்கு. சொல் தவறினால் வாக்கியம் இடறும், நமக்குத் தெரிந்துவிடும். எண் தவறினால் எதுவும் இடறாது. ஆகவே போட்டோவிலிருந்து வந்த ஒவ்வொரு எண்ணையும் மூல நோட்டோடு வைத்துப் பார்த்தே தீர வேண்டும். பழைய கணினியில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் அவை ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும்தான் கிடக்கின்றன. முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் நோட்டு வேறொரு உலகம். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு நூலகத்தில் உட்கார்ந்து கைவலிக்க எழுதி நிரப்பும் பிள்ளைகளைப் பார்க்கிறபோது, இந்த உழைப்பு மறுவாசிப்பிலேயே கரைந்துவிடுகிறதே என்று இருக்கும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். ஆகவே ‘இந்தப் பாடத்தைச் சுருக்கித் தா’ என்பதைவிட, ‘என் நோட்டிலிருந்து மட்டும் பத்துக் கேள்வி கேள். நான் பதில் எழுதும்வரை விடையைக் காட்டாதே. நான் தவறவிட்டதை மூன்று நாள் கழித்து மறுபடி கேட்பதற்கான தனிப் பட்டியலாகத் தா’ என்பது அதிகப் பயன் தரும். சுருக்கி எழுதுகிற வேலையிலேயே பாதிப் படிப்பு நடந்துவிடுகிறது. அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தால் படிப்பும் அதோடு போய்விடும்.

குறிப்பெடுப்பது பற்றிய பேச்சில் எப்போதும் வருகிற பெயர், ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான். ஏறக்குறைய 90,000 குறிப்பு அட்டைகளை மரப்பெட்டிகளில் எண்ணிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டும் எண்ணையும் எழுதிவைத்தவர். பெட்டியோடு உரையாடுவது பற்றி 1981இல் ஒரு கட்டுரையே எழுதினார். அந்தப் பெட்டியால் தன்னையே வியக்கவைக்க முடியும் என்று அவர் கருதினார். அவர் அட்டைகளில் படித்த நூல்களின் நகல் குறைவு. படித்ததைப் பற்றி அவருடைய சொந்த வாக்கியங்களே அதிகம். இதை நம் ஆட்கள் கவனிப்பதில்லை. இணையத்திலிருந்து வெட்டி ஒட்டியதையே ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்து, ஏஐயிடம் கேள்வி கேட்டால், ஊருக்கெல்லாம் தெரிந்த பதில்தான் திரும்பி வரும். அதற்கு நம் நோட்டே தேவையில்லை.

அதனால் எழுதும்போதே சிலவற்றைச் சேர்த்துவிடுவது நல்லது. தேதி முக்கியம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினியில் தானாகவே வரிசையாக நிற்கும். யார் சொன்னது, கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா, நம் ஊகமா என்பதையும் எழுத வேண்டும். செய்தித் தொழிலில் இதை அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டு நோட்டுக்கும் இது பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் எழுதினோம் என்று ஒரு வரி. ‘குமார், பணம், அடுத்த வாரம்’ என்ற வரிக்கு மூன்று வருடம் கழித்து என்ன பொருள்? கொடுக்க வேண்டியதா, வாங்க வேண்டியதா? ஏஐயிடம் கேட்டால் ஏதாவது ஒன்றை நம்பும்படி சொல்லிவிடும். எழுதாமல் விட்டதை அதனால் மீட்க முடியாது, இட்டுக்கட்டத்தான் முடியும். ‘தங்கை கல்யாணத்துக்குக் குமாரிடம் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும், அடுத்த வாரம்’ என்று எழுத இன்னும் பத்து விநாடி ஆகும், அவ்வளவுதான். கிடைத்த பதிலையும் அப்படியே விட்டுவிடாமல், அதில் நமக்கு உண்மையாகப் பட்டதை அன்றைய தேதியிட்டு நம் வார்த்தையில் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த தேடலில் அதுவும் வரும்.

குறிப்புகளை எங்கே வைப்பது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு நிறுவனத்தின் செயலிக்குள் மட்டும் பூட்டிவைக்காதீர்கள். அப்சிடியன் போன்ற சில செயலிகள் குறிப்புகளை நம் கணினியிலேயே சாதாரண உரைக் கோப்புகளாக வைக்கின்றன. செயலி நின்றுபோனாலும் கோப்பு நம்மிடம் இருக்கும். எந்த ஏஐயிடமும் எடுத்துக் கொடுக்கலாம்.

கொடுப்பதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். நம் நோட்டில் இருப்பது நம் விஷயம் மட்டுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நம்பிச் சொன்ன கடன், அண்ணியின் கருக்கலைவு, மாணவன் ஒருவன் ஆசிரியையிடம் மட்டும் சொன்ன வீட்டுச் சண்டை எல்லாம் அதில் இருக்கும். இலவசச் சேவைகள் பலவற்றில் நம் உரையாடல் மாதிரியின் பயிற்சிக்குப் போகலாம். அமைப்புகளுக்குள் போனால் பலவற்றில் அதை நிறுத்த வழி இருக்கும், முதலில் அதைச் செய்யுங்கள். பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு, ஆதார் எண் எதையும் ஒட்டக் கூடாது. பெயர்களுக்குப் பதிலாக ‘அ’, ‘ஆ’ என்று மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலான கேள்விகளுக்கு அதுவே போதும். ஒல்லாமா போன்ற மென்பொருளை நிறுவி, மாதிரியை ஒருமுறை இறக்கிக்கொண்டால், பிறகு இணையமே இல்லாமல் சொந்த மடிக்கணினியிலேயே சிறிய மாதிரிகளை ஓட்டலாம். குறிப்பு வீட்டை விட்டு வெளியே போகாது. சிறிய மாதிரிகளுக்குத் தமிழ் இன்னும் சரியாக வரவில்லை, வேகமும் குறைவு. ஆனாலும் வழக்கறிஞர், மனநல ஆலோசகர், செய்தியாளர் போன்று பிறர் ரகசியத்தைத் தொழிலாகவே காக்க வேண்டியவர்களுக்கு அந்த மெதுவான வழியைத்தான் நான் சொல்வேன். அதுவும் முடியாவிட்டால், அந்தப் பக்கங்களைத் தனி நோட்டில் கையால் எழுதி, பழையபடி தாங்களே புரட்டித் தேடிக்கொள்ளட்டும்.