மஞ்சள் காமாலை: கண்ணை மட்டும் பார்த்தா போதுமா? மலத்தின் நிறம் சொல்லும் எச்சரிக்கை!

கண் மஞ்சளானால் மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் பலரும் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். ஆனா, அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது மலம், சிறுநீரின் நிறம். ஏன்னு பார்ப்போம்.

நிறம் எப்படி வருது?

ரத்த சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அவை உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி உருவாகிறது. கல்லீரல் இதை நீரில் கரையும்படி மாற்றி, பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைச் சிதைப்பதால்தான் மலம் பழுப்பாக இருக்கிறது. சிறு பகுதி சிறுநீரில் கலந்து இளமஞ்சள் நிறம் தருகிறது.

எந்த நிறம், என்ன கோளாறு?

* மலம் களிமண் போல வெளுத்து, சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி போனால், உடம்பும் அரித்தால்: பித்தக்குழாயில் கல் அல்லது கட்டி அடைத்திருக்கலாம்.
* சிறுநீர் அடர்நிறம், கூடவே காய்ச்சல், வாந்தி, பசியின்மை: கல்லீரல் அழற்சியாக இருக்கலாம். ஹெபடைடிஸ் ஏ, இ கிருமிகள் அசுத்தமான குடிநீரால் பரவும்.
* கண் மஞ்சள், உடல் வெளிறி சோர்வு, ஆனால் மலம் வெளுக்கவில்லை: சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடையலாம்.

மூன்றிலும் கண் மஞ்சள்தான். கோளாறு இருக்கும் இடம்தான் வேற. ரத்தத்தில் 'டைரக்ட்', 'இன்டைரக்ட்' பிலிரூபின் என்று பிரித்துப் பார்ப்பதும் இதைக் கண்டுபிடிக்கத்தான்.

பச்சிளம் குழந்தைக்கு கூடுதல் கவனம்

பிறந்த 2, 3 நாளில் வரும் மஞ்சள் பெரும்பாலும் தானாகக் குறையும். 14 நாள் தாண்டியும் நீடித்து, மலமும் வெளுத்தால் 'பிலியரி அட்ரீசியா' என்ற பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். இதற்கான 'கசாய்' அறுவை சிகிச்சையை 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். தாமதமானால் கல்லீரல் மாற்று வரை போகலாம். இதை சீக்கிரம் கண்டுபிடிக்கவே தைவானில் 2004 முதல் பெற்றோருக்கு மலநிற அட்டை தருகிறார்கள்.

அப்போ கீழாநெல்லி?

ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராக கீழாநெல்லி பலன் தருவதாக சென்னை ஆய்வாளர்கள் 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதினர். பிந்தைய ஆய்வுகளில் அது உறுதியாகவில்லை. குழாய் அடைப்பை எந்த மூலிகைச் சாறும் திறக்காது.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கி.மீ.தான். மலம் வெளுத்தாலோ, காமாலையோடு காய்ச்சல், வயிற்றுவலி, குழப்பமான பேச்சு இருந்தாலோ அன்னைக்கே கிளம்பிடுங்க.